கண்மாயைத் தூர்வாருங்கள், காட்டு நெல்லை மிச்சம் வைத்து

எங்கள் ஒன்றியத்தில் கண்மாய் வேலைகளை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும், ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

கிராமசபையில் எங்கள் கண்மாய்க்கான வேலைத் திட்டத்தை வாசித்தீர்கள். தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுவதும் ஒரே மட்டத்தில் மண் எடுப்பது. மேற்கு ஓரத்தையும் கரையைப் போலவே செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து, கண்மாயைச் சுற்றி நடைபாதை போடுவது. உள்ளே இருக்கிற புல், புதர், கொடி எல்லாவற்றையும் 'தேவையற்ற தாவரங்கள்' என்று அகற்றுவது. எடுத்த மண்ணில் விற்றது போக மிச்சத்தை மேற்கே உள்ள கரிசல் தரிசில் கொட்டி மேடாக்குவது. வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். நான் எழுந்து, மேற்கு ஓரத்து நெல்லை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "புல்லுக்கெல்லாம் கணக்குப் பார்த்தா வேலை நடக்குமாம்மா?" என்று பதில் வந்தது. அந்தப் புல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரில் சிலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்மாய் ஆயக்கட்டில்தான் எனக்கும் வயல், அதுவும் கடைமடை. மடை திறந்தால் கடைசியாகத் தண்ணீர் பார்ப்பது நாங்கள்தான். கண்மாய் மேடிட்டுப் போனதால் மார்கழிக்கு அப்புறம் தண்ணீர் நிற்பதில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எஞ்சின் வைத்து இறைத்துக் காசைக் கரைக்கிறோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுங்கள், உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கைச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் கூட வருகிறேன். ஓரம் முதல் நடு வரை ஓர் இடம் விடாமல், ஒரே கோடையில், ஒரே மட்டமாக வழித்தெடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கு ஓரத்தில் தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல வற்றுகிறது. அந்தச் சரிவில் காட்டு நெல் நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் நடவு நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால் தூர் விரிந்து தரையோடு சாய்ந்து கிடக்கும். கதிரில் மணிகள் நெருக்கமாக இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் விரல் நீளத்துக்கு வால். அறுக்கலாம் என்று கதிரைப் பிடித்தால் மணி உதிர்ந்து கீழே போய்விடும், கையில் வெறுங்காம்புதான் நிற்கும். உதிர்ந்த மணி சேற்றில் குத்திக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள். சில செடியில் வால் சிவப்பு, சிலதில் வெள்ளை. சிலதின் உமி கறுப்பு, சிலது வைக்கோல் நிறம். ஓரத்தில் நிற்பது உதிர்த்து முடித்துக் காய்ந்துவிட்ட நாளில், பத்தடி உள்ளே முழங்கால் தண்ணீரில் நிற்பது அப்போதுதான் பூ எடுக்கும். மழை சீக்கிரம் நின்றுபோன வருஷம் ஓரத்துச் செடி பிழைக்கும். கலுங்கு மறுகால் போகிற வருஷம் உள்ளே நிற்பது பிழைக்கும். இரண்டும் சேர்ந்து இருப்பதால்தான் இந்த நெல் யாரும் விதைக்காமல், யாரும் நீர் பாய்ச்சாமல் இத்தனை காலம் இங்கே நிற்கிறது.

நம் வயலில் கதை வேறு. பி.பி.டி. 5204 நெல் ரகம் போட்டால் வரப்புக்கு வரப்பு எல்லாச் செடியும் ஒரே குணம். ஒரே நாளில் பூக்கும், ஒரே நாளில் அறுக்கலாம், வியாபாரிக்கும் அதுதான் வேண்டும். ஆனால் ஒரு செடியைச் சாய்க்கிற நோய் எல்லாச் செடியையும் சாய்க்கும். குலைநோய் விழுந்த வருஷம் வட்டாரமே ஒன்றாகக் கை தலையில் வைத்து உட்கார்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

இதே ஆபத்து 1970களில் ஆசியா முழுவதற்கும் வந்தது. புகையான் பூச்சி பரப்பிய புல்குட்டை வைரஸ் நோய், புதிய குட்டை நெல் ரகங்களை அடித்துப்போட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் குஷ் முதலானோர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். நோயைத் தாங்கியது ஒரே ஒரு மாதிரி. அது எந்த உழவரும் பயிரிட்ட நெல் இல்லை, உத்தரப்பிரதேசத்தில் எடுத்த காட்டு நெல். விஞ்ஞானிகள் 'ஒரைசா நிவாரா' என்று சொல்லும் இனம். அந்த மாதிரியிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை, ஒரு சில செடிகள்தான் தாங்கின. அவற்றின் குணத்தைப் பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்து 1974 முதல் நோய் தாங்கும் ரகங்களை வெளியிட்டார்கள். 1976ல் வந்த ஐ.ஆர். 36 அந்த வழியில் வந்ததுதான். 1980களில் உலகத்திலேயே அதிகப் பரப்பில் பயிரான நெல் அது. எங்கள் ஊரிலும் அந்தக் காலத்தில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாயிரத்தில் ஒன்று, அந்த ஒன்றிலும் சில செடிகள். மாதிரி எடுக்கப் போனவர் ஓரமாக நின்று ஒரே செடியில் ஒரு கைப்பிடி உருவிக்கொண்டு திரும்பியிருந்தால் அந்தக் குணம் கைக்கு வந்திருக்குமா? அவர் போவதற்கு முந்தைய கோடையில் அந்த இடத்தைச் சுத்தம் செய்திருந்தால்? இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நடந்தது இதுதான். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் நான் படித்த காலத்தில் வகுப்பில் கேட்டபோது இது எனக்கு வெறும் பாடமாக இருந்தது. ஊருக்குத் திரும்பி இதே கண்மாய் ஓரத்தில் வால் நெல்லைப் பார்த்த பிறகு அப்படி இல்லை.

உத்தரப்பிரதேசம் எங்கே நம்ம ஊர் எங்கே என்பவர்களுக்குக் கோயம்புத்தூரைச் சொல்கிறேன். அங்கே 1912ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பைக் காட்டுப் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918ல் பஞ்சாப் விவசாயிகளிடம் போனது. வட இந்தியக் கரும்பு விவசாயத்தை அது மாற்றியது. இன்றைக்கு நாம் வெட்டுகிற கரும்பு எல்லாவற்றிலும் பேய்க்கரும்பின் ரத்தம் ஓடுகிறது. வாய்க்கால் ஓரத்திலும் ஆற்று மணலிலும் மண்டிக் கிடக்கும் அந்தப் புல்லை அன்றைக்கு யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

உளுந்துக்கு மஞ்சள் தேமல் நோய் வந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேளுங்கள். புதுக்கோட்டை வம்பனில் உருவான, அந்த நோயைத் தாங்கும் உளுந்து ரகங்களில் சில, காட்டு உளுந்தோடு சேர்த்து எடுத்தவை. துவரைக்கும் அப்படித்தான். பாறைச் சரிவில் கொடியாகப் படரும் காட்டுத் துவரையின் காயில் அடர்ந்த மயிர் இருக்கும், காய்ப்புழு அதில் சுலபமாக ஏற முடியாது. இந்தக் குணத்துக்காகவே ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். கண்மாய்க் கரையில் நிற்கும் முள்ளுக்கத்தரி நாம் தின்னும் கத்தரிக்காயின் மூதாதை. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தபோது எழுந்த காரணங்களில் ஒன்று, கத்தரிக்கு இந்த நாடே தாயகம் என்பது. அந்தத் தாயகத்தைத்தான் உங்கள் திட்டம் 'புதர் அகற்றல்' என்ற வரியில் முடிக்கிறது.

கூட்டம் முடிந்த பிறகு ஒரு அதிகாரி என்னிடம் பொறுமையாகப் பேசினார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் இரண்டு சமாதானம் சொன்னார். பக்கத்து ஊர்க் கண்மாயிலும் இதே நெல் இருக்கிறது என்பது முதலாவது. இந்த நெல் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்திலேயே காய்க்கிற இனம். அப்படிப்பட்ட செடி ஒவ்வொரு கண்மாயிலும் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியாக விலகிப் போகும். எங்கள் கண்மாய் கரிசல், கோடையில் கொஞ்சம் உப்புப் பூக்கும். அவர் சொன்ன கண்மாய் செம்மண், ஓடைத் தண்ணீர். அங்கே இருப்பது இங்கே இருப்பதற்கு மாற்று ஆகாது. அப்புறம், அந்தக் கண்மாயும் உங்கள் அடுத்த வருஷப் பட்டியலில் இருக்கிறது.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை வங்கி இருக்கிறதே என்பது இரண்டாவது. இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் எங்கள் கண்மாயிலிருந்து யாரும் மாதிரி எடுத்துப் போனதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. எடுத்துப் போயிருந்தாலும் குளிர் அறையில் இருக்கும் விதை அன்றைக்கு இருந்த நிலையில் நிற்கும். இங்கே நிற்பது ஒவ்வொரு வறட்சியையும் ஒவ்வொரு புதுப் பூச்சியையும் சந்தித்து, தாங்கியது மிஞ்சி, தாங்காதது கழிந்து மாறிக்கொண்டே வருகிறது. வங்கியும் வேண்டும், கண்மாயும் வேண்டும்.

மேல்மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதிர்ந்த மணி எல்லாம் அடுத்த மழைக்கே முளைத்துவிடாது. சிலது உறங்கிக் கிடந்து பிந்தி முளைக்கும். முதல் மழைக்கு முளைத்தது வெயிலில் கருகிப்போனால், அடுத்த மழைக்கு முளைக்க மிச்சம் இருக்கும். இந்த மிச்சம் முழுவதும் மேல் சேற்றில்தான் இருக்கிறது. பொக்லைன் மூன்றடி தோண்டி டிப்பரில் ஏற்றினால் அதுவும் சேர்ந்து செங்கல் சூளைக்குப் போகும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டால், மிஞ்சிய ஒன்றிரண்டு மணி முளைக்க முழங்கால் ஆழத் தண்ணீர் நிற்கும் இடமே இருக்காது. எங்களுக்குத் தெற்கே ஒரு கண்மாயில் சில வருஷம் முன்னால் இதே வேலை நடந்தது. தண்ணீர் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காட்டு நெல் திரும்பி வரவில்லை. அது இருந்த இடத்தில் இப்போது நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கின்றன. அவற்றை அகற்ற மறுபடியும் ஒரு மதிப்பீடு போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

மண்ணைக் கொட்டி மேடாக்கப் போகிற கரிசல் தரிசு பட்டா நிலம் இல்லை, பயிர் இல்லை, அதனால் 'காலியிடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐப்பசி மழை விழுந்த பிறகு ஒரு நாள் வந்து பாருங்கள். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து அதலைக்கொடி கிளம்பித் தரையோடு படர்ந்திருக்கும். பாகற்காயின் காட்டு உறவு அது, சுண்டுவிரல் அளவுகூட இல்லாத காய். கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் போய்ப் பறித்துத் திருமங்கலத்துக்கும் விருதுநகருக்கும் கொண்டுபோவார்கள். அன்றைக்கே விற்க வேண்டும், அன்றைக்கே சமைக்க வேண்டும். வைத்திருந்தால் வெடித்துவிடும். இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, கொஞ்சம் புளி விட்டு வதக்கினால் அந்தக் கசப்புக்கு ஈடு கிடையாது. நிலமில்லாத பெண்களுக்கு அந்த இரண்டு மாசம் கையில் நாலு காசு புழங்குவது இந்தக் காயால்தான். அதே தரிசில் சுக்கங்காய் கிடக்கிறது, நரிப்பயறு படர்கிறது. கிழங்கின் மேல் ஆறடி மண்ணைக் கொட்டினால் கொடி எப்படி மேலே வரும்?

வயலுக்குள் வந்தால் காட்டு நெல் களைதான். நானே பிடுங்கி எறிகிறேன். வயலுக்குப் பக்கத்தில் நிற்கும் காட்டு நெல் பயிர் நெல்லோடு கலந்துவிடவும் செய்யும். வயலை விட்டுத் தள்ளி நிற்பதில்தான் பழைய குணம் கலப்பில்லாமல் இருக்கிறது. கிழக்கே கரைக்கு வெளியே ஆயக்கட்டு, மேற்கே தள்ளி இந்த ஓரம். அதனால்தான் மேற்கு ஓரத்தை விடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வயலை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில் உங்கள் விருப்பப்படி ஆழம் எடுங்கள்.

பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குத் தனியாக ஒன்று. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி உள்ளூர் மக்களைக் கலந்து எழுத வேண்டியது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, ஊரில் உள்ள செடி கொடி உயிர்களின் பட்டியல். அந்தப் படிவத்திலேயே பயிர்களின் காட்டு உறவுகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எங்கள் ஊராட்சிப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பகுதியில் 'இல்லை' என்று ஒரே சொல் எழுதியிருக்கிறது. மரங்கள் பட்டியலில் எங்கள் கரிசலில் எந்தக் காலத்திலும் முளைக்காத மரங்களின் பெயர்கள் இருக்கின்றன. அதலைக்காய் இல்லை. அதைப் பறித்து விற்கிற பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுபது வயதைத் தாண்டிய நீர்பாய்ச்சியிடமும் கேட்கவில்லை. பதிவேட்டில் 'இல்லை' என்று இருப்பதைக் காட்டித்தான் வேலைத் திட்டத்தில் 'பாதிப்பு ஏதும் இல்லை' என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எனக்குத் தாங்க முடியாமல் போனது இந்த இடம்தான்.

மதுரை மாவட்டத்துக்கு இந்த விஷயம் புதிது இல்லை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024ல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மேலூர் வட்டாரமே திரண்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையும் வல்லூறும் குடைவரைக் கோயிலும் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் அவற்றுக்காகப் பேச ஆள் உண்டு. ஒரு கண்மாய் ஓரத்து நெல்லுக்குப் பேச ஆள் இல்லை. அரசிதழ் அறிவிப்பு எதையும் நான் கேட்கவில்லை. ஒன்றிய அளவிலும் ஊராட்சி அளவிலும் நீங்களே செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறேன்.

மேற்கு ஓரத்துச் சரிவை, நீர் ஏறி வற்றுகிற அகலம் முழுவதும், வேலை எல்லையிலிருந்து நீக்கி வரைபடத்தைத் திருத்துங்கள். அங்கே பொக்லைன் இறங்கக் கூடாது, கல் பதிக்கக் கூடாது. நடைபாதை கிழக்குக் கரையோடு நிற்கட்டும். சீமைக்கருவேலம் மட்டும் அந்த ஓரத்தில் ஆள் வைத்து வெட்டி எடுக்கப்படட்டும், அதற்கு நாங்களே ஆள் தருகிறோம். மற்ற உள்வாயை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மார்கழி, தை கழிந்து வரும் கோடையிலும் மறுபாதியை ஒரு மழைக்காலம் கழித்தும் தூர்வாருங்கள். கண்மாய்க்குள்ளும் கரையிலும் களைக்கொல்லி அடிப்பதை ஒப்பந்தத்திலேயே தடை செய்யுங்கள்.

வேலை தொடங்குவதை, வருகிற மார்கழி, தையில் விதை எடுத்து முடிக்கிற வரை தள்ளி வையுங்கள். விதை எடுப்பதற்கு வேளாண் கல்லூரியின் பயிர் இனப்பெருக்கத் துறைக்கு நீங்கள் எழுதுங்கள். ஓரம், நடு, ஆழம் என்று எல்லா இடத்திலிருந்தும், ஐம்பது செடிக்குக் குறையாமல், ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி உறையில் எடுக்க வேண்டும். மணி உதிர்ந்துவிடும் என்பதால் கதிருக்கு முன்கூட்டியே வலைப்பை கட்ட வேண்டும். ஒரே நாளில் முடியாது, முற்ற முற்றப் பல தடவை வர வேண்டும். கதிருக்குப் பை கட்ட நானும் ஊர்ப் பெண்களும் வருகிறோம். ஒரு பங்கு கோயம்புத்தூர் விதை வங்கிக்கும், ஒரு பங்கு ஊராட்சிக்கும் வரட்டும்.

எடுக்கிற மண்ணைத் தரிசில் கொட்டும் முடிவைக் கைவிடுங்கள். வண்டல் வேண்டும் என்று மனுப் போட்டுக் காத்திருக்கும் விவசாயிகளுக்கே அதைக் கொடுங்கள். அந்தத் தரிசை 'காலியிடம்' என்ற கணக்கிலிருந்து எடுத்து, அதலைக்காய் பறிக்கிற இடம் என்று ஊராட்சித் தீர்மானத்தில் எழுதுங்கள்.

பதிவேட்டைத் திரும்ப எழுதுங்கள். காட்டு நெல், அதலை, சுக்கங்காய், நரிப்பயறு, முள்ளுக்கத்தரி, பாறைக்காட்டுத் துவரை ஆகியவற்றை, எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்போடும் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தோடும் சேருங்கள். எழுத வருகிறவர் மழைக்காலத்தில் வர வேண்டும், பறிக்கிற பெண்களோடு நடந்து பார்த்து எழுத வேண்டும். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், பயிர்களின் காட்டு உறவுகளைக் காக்கும் விவசாயிகளுக்கும் மரபணு நிதியிலிருந்து வெகுமதி உண்டு என்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் சார்பில் அதற்கு விண்ணப்பிக்கக் குழுவே முன்வந்து உதவ வேண்டும்.

வேலை ஆணை கொடுப்பதற்கு முன்னால், இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலை அடுத்த கிராமசபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
திருமங்கலம் பக்கத்துக் கடைமடை விவசாயி ஒருத்தி